ஹனாயோ எழுந்து நின்றாள்

அன்புள்ள மினோரிக்கு,

சப்போரோவில் குளிர் விட்டதா? இங்கே நாங்கள் நலம். நம் பசு ஹனாயோவும் நலம். செவ்வாய்க்கிழமை காலையில் இதை எழுதியிருக்க முடியாது.

அதிகப் பால் தருகிறவள் என்று, சினையாக இருந்தபோது அப்பா அவளை ராணியாக நடத்தினார். ஈனும்வரை கால்சியம் அதிகமுள்ள தீவனத்தைக் குறைக்கும்படி நீ சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். கால்நடை மருத்துவப் படிப்புக்கு நீ கிளம்பியதிலிருந்து உன்னோடு பேசாதவர், “மாட்டைப் பட்டினி போடவா காலேஜுக்குப் போனா?” என்றார். கால்சியம் நிறைந்த குதிரைமசால் தழை இன்னொரு கூடை கூடியது. சுண்ணாம்புத் தூளும் சேர்ந்தது.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் காலை ஹனாயோ எழவில்லை. காது சில்லிட்டு, கழுத்து விலாப்பக்கம் மடிந்து கிடந்தாள். அப்பா தள்ளினார், கெஞ்சினார், கடைசியில் என்னைத் திட்டினார்.

மருத்துவர் குடோ வந்தார். ரத்தத்திலிருந்த கால்சியமெல்லாம் பாலோடு மடிக்குப் போய்விட்டதாம். அது இல்லாமல் தசை இயங்காது, இதயமும் தசைதானாம்.

“எலும்புல கால்சியம் நெறைய இருக்குங்க. நீங்க ஊட்டிக்கிட்டே இருந்தீங்கள்ல, அங்கேருந்து எடுக்கறதையே உடம்பு மறந்துடுச்சு. யாரும் சொல்லலையா?”

அப்பா கூரையைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

கழுத்து ரத்தக்குழாயில் கால்சியம் மெல்ல இறங்கியது. அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும் என்பதால் மெல்ல. புட்டியைத் தூக்கிப் பிடித்தவர் அப்பாதான். அவரிடம் பொறுமை இருப்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியாது. புட்டி காலியாகுமுன் அவள் உடம்பு நடுங்கியது. பெரிய ஏப்பம் விட்டாள். அப்பாவின் பூட்ஸ் மேல் சாணம் போட்டாள். பிறகு பின்னங்கால்களை ஊன்றி, எழுந்தே விட்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாண நெடியாம்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி விழா. சீம்பாலைக் கட்டியாகக் காய்ச்சி, சோயா சாஸ் ஊற்றி, அண்டைப் பண்ணைக்காரர்களுக்கு விருந்து. ஈனுமுன் கால்சியத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று அப்பா எழுந்து நின்று விளக்கினார். நீ சொன்ன அதே வார்த்தைகள், ஒன்றும் மாறவில்லை. அன்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவ்வளவும் யார் சொன்னது என்று பக்கத்துப் பண்ணை ஒக்காபே கேட்டார்.

“எம் பொண்ணு. டாக்டருக்குப் படிக்கிறா.”

அடுத்த மாதம் இன்னும் இரண்டு பசுக்கள் ஈன இருக்கின்றன. என்ன தீவனம் போடுவது என்று உன்னைக் கேட்கச் சொன்னார். கடிதத்தில் எழுதினால் உன் கையெழுத்து புரியாதாம், தொலைபேசியில் காது கேட்காதாம். அவருக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன. இருந்தாலும் நேரில் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போ, கண்ணே.

ஆசிகளுடன்,
அம்மா ஃபூமியே