அம்மண உடைமை

மார்ச் 3
பிரெஞ்சுச் சட்டம் எழுதினவர்களை வரிசையாக நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். லாபமெல்லாம் ஒருத்தனுக்கே போனால் அது 'சிங்க ஷரத்து'. என் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்துவிட்டு, "சிங்கம் எங்கேருந்து வந்துச்சு? வனத்துறை கேஸா?" என்கிறார் மேலாளர். அவருக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. கையில் சிவப்புப் பேனா மட்டும் உண்டு.

மார்ச் 5
ஒரு விதவை அம்மாவின் வீட்டுப் பத்திரம், கோர்ட்டில் கொடுப்பதற்காக, மொழிபெயர்க்க வந்திருக்கிறது. கணவர் சாகும் முன் வீட்டை மூத்த தாரத்து மகனுக்கு எழுதிவைத்திருக்கிறார், ஆனால் 'அம்மண உடைமை'யாக. அதாவது இப்போதைக்குப் பெயருக்குத்தான் சொந்தக்காரன். மனைவி உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழும் உரிமை அவளுக்கு. சட்ட அகராதியில் இருக்கிறபடி ஆங்கிலத்தில் 'நேக்கட் ஓனர்ஷிப்' என்று போட்டேன்.

அந்தம்மா நேரிலேயே வந்துவிட்டார். "பையன் காலி பண்ணச் சொல்றான். நான் அங்க இருக்கலாமாம்மா?" மொழிபெயர்ப்பவள் சட்டம் சொல்லக்கூடாது. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். சே.

மார்ச் 6
என் கையெழுத்துக்கு வந்த பிரதியில் 'நேக்கட்' ஒன்றுகூட இல்லை!

"கோர்ட்டுக்குப் போற பேப்பர்ல அசிங்கமா அம்மணம் அம்மணம்னு... எடுத்துட்டேன்," என்றார் மேலாளர்.

எடுத்துட்டாராம்! வீடு முழுசா மகனுக்குப் போயிடுமே! அந்தப் பத்திரத்தில் அந்தம்மாவுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அந்தச் சொல்தான். தொண்டை கிழியச் சொன்னேன். "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றார்.

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 7
வீட்டில் இவர்: "போட்டுத் தொலைச்சுட்டு வாயேன். உனக்கெதுக்கு ஊர் வம்பு?" எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற இவர் ஒருத்தர் போதும். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனால்?

மார்ச் 10
இன்னும் போடவில்லை. மேலாளர் வெளியாள் தேடுகிறார். இந்த ஊரில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு அரசு முத்திரை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். தேடட்டும்.

மார்ச் 12
கோர்ட்டில் கொடுக்க நாளை கெடு என்று மகனின் வக்கீலே போனில் கத்தினாராம். மேலாளர் என் முதல் பிரதியை மேசையில் விட்டெறிந்தார். "உங்க அம்மணத்தையே அனுப்பிக்குங்க." போட்டேன்.

ஏப்ரல் 2
என் மேசை இப்போது கழிப்பறைப் பக்கம். "அங்க நல்லா காத்து வரும்," என்கிறார் மேலாளர். வருகிறது, வாசனையோடு.

மத்தியானம் அந்தம்மா போன். "காலி பண்ணச் சொல்றத பையன் விட்டுட்டான். பெயிண்ட் அடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன்மா. கூடத்துக்கு என்ன கலர் நல்லாயிருக்கும்?" மஞ்சள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நீலம்தான் அடிக்கப்போவதாகச் சொன்னார்.