காலு வெச்ச குண்டெழுத்து

சூளகிரி ஸ்டாப்பில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும் என் அப்பாவுக்கு,

உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

பி.காம். முடித்து, நீ வேலை பார்த்த கம்பெனியின் அலுவலகத்திலேயே சேர்ந்திருக்கிறேன். இப்போது கம்பெனி தன் பெயரை எழுதும் எழுத்தை மாற்றிவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த டிசைனர், பழைய எழுத்தை ஸ்லாப் செரிஃப் என்றார். கோடெல்லாம் தடிமன். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் கட்டை போல ஒரு பாதம். மூலைகள் மட்டும் தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும். மிட்டாய் டப்பாவுக்கும் குழந்தைப் புத்தகத்துக்கும் சரி, ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு அது ஆகாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் உன்னோடு ஸ்டாப்புக்கு வந்தேன். பனிக்குள்ளிருந்து எல்லாக் கம்பெனி பஸ்ஸும் ஒரே வெள்ளையாக வந்தன. இவ்வளவு தூரத்தில் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன்.

"படிக்கறது எங்க கண்ணு. காலு வெச்ச குண்டெழுத்து வந்தா நம்ம பஸ்ஸு. யாருகிட்டயும் சொல்லீராத" என்றாய்.

கம்பெனியில் யார் காகிதம் நீட்டினாலும் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்வாயாம். உனக்குக் கண்ணாடி ஏது அப்பா?

புது எழுத்து ஒல்லி. பாதமே கிடையாது. மற்ற கம்பெனி பஸ்களிலும் அதே ஒல்லி எழுத்துதான். பலகை மாறிய வாரம் சூளகிரியில் மட்டும் நான்கு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். ஒருவர் வேறு கம்பெனி வாசலில் போய் இறங்கினார். வயிற்றுவலி, தூக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைவர்தான் நிறுத்தவில்லை என்று மேனேஜர் முடிவுகட்டி, அவரை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னார்.

மாறி இறங்கியவரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும். கேன்டீனில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "நீ கண்டுக்காத பாப்பா. நானு காண்ட்ராக்ட்டு. தெரிஞ்சா அனுப்பிருவாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்றேன். படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தின் உருவத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறார்கள், டிரைவர் மேல் தப்பில்லை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நம்ம கம்பெனில படிக்காத ஆளா? யாருன்னு பேரச் சொல்லும்மா" என்றார் மேனேஜர்.

"எங்கப்பா சார். பதினாறு வருஷம் அப்படித்தான் வந்தாரு."

யாரோ சிரித்தார்கள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

டிரைவர் வேலையில் இருக்கிறார். வாசலிலும் லெட்டர் பேடிலும் புது எழுத்து. பஸ் பலகைகளில் மட்டும் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். பனியில் அது முதலில் தெரிகிறது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. கேன்டீன் வரிசையில் என் பின்னால் "கண்ணாடிய மறந்தவரு பொண்ணு" என்கிறார்கள்.

இறந்தவரை யாரும் வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்று நினைத்துத்தான் உன் பெயரைச் சொன்னேன். மானம் போகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். நீ உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? கோபமா அப்பா?

வெளியே வந்ததுதான் நான் செய்த தப்பு. உன்னைத் தனியாக அவர்கள் நடுவில் விட்டுவிட்டு வந்தது போல இருக்கிறது. இனி உன்னைப் பற்றி யார் சிரித்தாலும், அவர்கள் சிரித்து முடிக்கிறவரை நான் அங்கேயே நிற்பேன்.

உன் மகள்,
செல்வி