நீங்கள் அடித்துவிட்ட பெயர்

அக்கா,

இன்று காலை உங்கள் நோட்டை மறுபடியும் எடுத்தேன். அட்டையைத் திறந்ததும் நீலகிரித் தைலத்தின் வாடை. பழைய காகிதத் தூசி உங்களுக்கு ஆகாது. பதிவேட்டைத் தொடும் முன்னால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு மூக்கை மூடிக் கட்டிக்கொள்வீர்கள். வேலை முடிந்ததும் அந்தக் கைக்குட்டையை இந்த நோட்டுக்குள்தான் மடித்து வைப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. வாடை அப்படியே இருக்கிறது.

அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. பார்க்கப் பார்க்கத் தெளிவதற்குப் பதிலாகக் குழம்புகிறது. வேறு யாரிடமும் கேட்க முடியாததால் உங்களிடமே கேட்கிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது காரமடைப் பக்கம், பத்திரப் பதிவு அலுவலகத்தில். என் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோவிலில் வம்சாவளிப் புத்தகம் போடுகிறார்கள், ஒவ்வொரு குடும்பமும் ஏழு தலைமுறைப் பெயர் தர வேண்டும் என்றார்கள். அப்பா இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. நான்தான் தேட வேண்டியிருந்தது. என் கணக்கு அப்பாவின் தாத்தா நாச்சிமுத்துவோடு நின்றுபோயிற்று. அவருடைய அப்பா பெயர் யாருக்கும் தெரியவில்லை. நீங்களோ நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, உங்கள் அப்பாவின் தாத்தா யாருடைய தோட்டத்தில் பாடுபட்டார் என்று தேடி வந்திருந்தீர்கள். இருவரும் கேட்டது ஒரே ஊரின் பழைய பத்திரங்களை. "ரெண்டு பேரும் சேந்தே பாத்துக்குங்க" என்று அங்கிருந்த குமாஸ்தா ஒரே மேசையைக் காட்டினார்.

அதன் பிறகு நான்கு வருடம் நம் சனிக்கிழமைகள் அப்படியே போயின. நீங்கள் மதுக்கரையிலிருந்து பஸ் ஏறுவீர்கள், நான் சிங்காநல்லூரிலிருந்து. கோவில் கல்வெட்டு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, உங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பெயர் கிடைத்தால் அன்றைக்கு போண்டா நீங்கள் வாங்கித் தருவீர்கள். கிடைக்காத நாள்களில் நான் சலித்துக்கொள்வேன். "பேரு கெடைக்காட்டியும் பரவால்லீங்க அம்மணி. பொய்ப்பேரு மட்டும் எழுதிப்போடாதீங்க" என்பீர்கள்.

பெருந்துறைக்கு என் அத்தை வீட்டுக்குப் போன நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்கும். அப்பாவோடு பிறந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். உள்ளே நுழைந்ததும் உங்களைப் பார்த்து, எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று குலம் விசாரித்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நாங்க சர்ச்சுக்காரங்க. எங்க பெரியவங்க காரமடைப் பக்கம் பண்ணையத்துல இருந்தவங்க" என்றீர்கள். அத்தை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காபி வந்தபோது எனக்கு எவர்சில்வர் டம்ளர், உங்களுக்குப் பேப்பர் கப். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். பிறகு நான் என் டம்ளரில் இருந்த காபியைக் குடித்தேன்.

கிளம்பும் முன் அத்தை என்னை மட்டும் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"கண்ணு, நாச்சிமுத்து அப்பாரு அந்த ஊட்டுல பொறந்த புள்ளையில்ல. எடுத்து வளத்துனதுன்னு எங்கய்யன் ஒருக்கா சொன்னாரு. ஆரு புள்ளைன்னு சொல்லல. நீயும் தோண்டாத."

திரும்பும் பஸ்ஸில் அதை உங்களிடம் சொன்னேன். காபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் அவிநாசி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். தலை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் எட்டு மாதம் நாம் வழக்கம்போலவே சந்தித்தோம். பிறகு ஒரு நாள் உங்கள் மகள் ஸ்டெல்லா போனில் அழுதாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றே நாளில் முடிந்துவிட்டது. மருத்துவமனையில் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் உங்களைப் பார்த்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பின் ஸ்டெல்லா இந்த நோட்டுகளைக் கொண்டுவந்து, "அம்மா தேடுனதெல்லாம் உங்களுக்குத்தான் ஆன்ட்டி புரியும்" என்று கொடுத்தாள். இரண்டாவது நோட்டில்தான் அந்தப் பக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நீங்கள் பார்த்து எழுதியது. ஒரு தாயும் கைக்குழந்தையும் ஞானஸ்நானம் பெற்ற பதிவு. அந்தக் குழந்தைதான் உங்கள் அப்பாவின் தாத்தா. பதிவேட்டின் ஓரத்தில் இருந்த குறிப்பையும் எழுதியிருந்தீர்கள்: "மூத்தவன் தோட்டத்து வீட்டில் வளர்கிறான். ஞானஸ்நானம் இல்லை." அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தில் "நாச்சிமுத்து?" என்று எழுதி, அதன்மேல் இரண்டு கோடு இழுத்து அடித்திருந்தீர்கள். போட்டிருந்த தேதி, பெருந்துறை போய்வந்த அடுத்த வாரம்.

எனக்கு முதலில் வந்தது பயம். உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நோட்டை மூடிவிட்டு, வீட்டுக்காரர் பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். அதன் பிறகுதான் வெட்கம் வந்தது. அதற்கும் பிறகுதான் உறவுமுறை போட்டுப் பார்த்தேன். மூத்தவன் நாச்சிமுத்து என்றால், அவரும் உங்கள் அப்பாவின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். நீங்களும் நானும் ஒரே தலைமுறை, பங்காளி வீட்டு அக்கா தங்கை.

ஏன் அடித்தீர்கள்? தவறென்று தெரிந்து அடித்தீர்களா? அப்படியென்றால் எதை வைத்துத் தெரிந்தது? அதை ஏன் எழுதவில்லை? அல்லது அன்றைக்கு அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முகத்தைப் பார்த்து, இவளால் இதைத் தாங்க முடியாது என்று முடிவு செய்தீர்களா? சில நாள் முதலாவது சரியென்று படுகிறது, சில நாள் இரண்டாவது.

ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். ஆயர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். நீங்கள் எழுதியது எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. மூத்தவனுக்கு அதில் பெயர் இல்லை. "வளர்கிறான்னு எழுதுனது, மாடு மேய்க்க உட்டதாவும் இருக்கலாமுங்க. அந்த ஊருல தோட்டத்து ஊடுன்னு நாலஞ்சு இருந்துதுங்க" என்றார். மறுபடியும் பெருந்துறை போய் அத்தையிடம் கேட்டேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்படி நான் சொல்லவே இல்லியே கண்ணு. நீயா எதையோ நெனச்சுக்கிட்டே" என்றார். மறதியா, மறைப்பா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

எச்சிலை எடுத்து அனுப்பினால் உறவா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாம். ஸ்டெல்லா தயார் என்கிறாள். நான் பார்க்கலாம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வருகிறேன். இல்லை என்று வந்தால் எனக்குத் துக்கமாக இருக்குமா, நிம்மதியாக இருக்குமா? அது தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை.

வம்சாவளிப் புத்தகக்காரர் போன் செய்தார். "காலியா உட்டா நல்லாருக்காதுங்க. பக்கத்துப் பங்காளி ஊட்டுப் பேரு ஒண்ணைப் போட்டுக்கலாமுங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். நாச்சிமுத்துவின் தகப்பனார்: தெரியவில்லை. அவ்வளவுதான் அச்சாகியிருக்கிறது. 'எடுத்து வளர்க்கப்பட்டவர்' என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுதவில்லை, உண்மை என்று நினைப்பதையும் முழுதாக எழுதவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் தெரியவில்லை.

போன வாரம் மதுக்கரையில் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க அவுங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். தெரிந்தவள், சிநேகிதி, சேர்ந்து தேடினவள், எதைச் சொன்னாலும் சரியாக இருந்திருக்கும். நான் வாயைத் திறந்தபோது, "ஒறமொறைதானுங்க" என்று வந்துவிட்டது.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. எந்த வழியில் என்றும் கேட்கவில்லை. "அப்பறம் ஏனுங்க இங்க நிக்கறீங்க? முன்னால ஊட்டுக்காரங்களோட போயி உக்காருங்க" என்று கையைப் பிடித்து அனுப்பினார். ஸ்டெல்லா நகர்ந்து இடம் விட்டாள். பாட்டு தொடங்கியது. எனக்கு அது தெரியாத பாட்டு. அவள் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்து, எந்த வரி என்று விரலால் காட்டினாள். நான் பாடினேன்.

நான் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது அக்கா. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.