ஓரத்தில் இரண்டு ஓட்டை

மச்சான்,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தங்கச்சியின் நெஞ்சில் தோலுக்கடியில் வைத்திருந்த போர்ட்டை நேற்று எடுத்துவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கியதுதான். ஒவ்வொரு தடவையும் கையில் நரம்பு தேடிக் குத்தாமல், அதன் வழியாகப் புற்றுநோய் மருந்து நேரே ரத்தக்குழாய்க்குள் போகட்டும் என்று எத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம்!

ஓரத்தில் இரண்டு ஓட்டை வேண்டும், அதில் தையல் போட்டால்தான் உள்ளே புரளாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "தையலுக்குப் பத்து நிமிஷம் வீணாகும், டாக்டருங்க ஓட்டை இல்லாததைத்தான் வாங்குவாங்க" என்று சொல்லி என் வாயை அடைத்தாய்.

அது குப்புறப் புரண்டுவிட்டது. நர்ஸ் மூன்று முறை குத்தினாள், மூன்று முறையும் ஊசி அடித்தகட்டில் போய் முட்டியது. உன் தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் செஞ்சது, தப்பா இருக்காது. இன்னொரு தடவை குத்துங்க" என்றாள்.

வேறொன்று வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இனிமே எதுக்குங்க?" என்றார்.

எடுத்ததைக் கழுவி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம் பழைய பட்டறையில் வைத்து, ஓரத்தில் இரண்டு ஓட்டையும் போட்டுவிட்டேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நான்தான் ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்" என்று இன்னமும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அப்படி இல்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ வந்து சொல். சீக்கிரம் வா.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்