விங்கோ வைத்த குழாய்

ப்ரேசா,
பிப்ரவரி, திங்கட்கிழமை

அன்பு மகன் எல்வெதினுக்கு,

அம்மா எழுதுவது. உல்ம் நகரத்தில் உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, நீ சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச என்னால் முடியாது. இல்லாவிட்டாலும் வாயால் சொல்வதென்றால் நான் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் ஒழுங்காக வரும். நடுவில் நிறுத்தி ஃபோனை எடுக்காமல் கடைசிவரை படி.

முதலில் குழந்தை. நஜ்லாவை சாராயேவோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாதது, டாக்டரம்மா உன் தங்கை ஜெனிதாவிடம் சொன்னது. பால் குடிக்கிறாள், அழுகிறாள், அதெல்லாம் நல்லதுதான், ஆனால் மூளைக்கு எவ்வளவு பாதிப்பு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, உட்கார வேண்டிய காலத்தில் உட்காருகிறாளா, பேச வேண்டிய காலத்தில் பேசுகிறாளா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாராம். உன் தங்கை அன்றிலிருந்து குழந்தையின் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கும் தலைவலி நிற்கவில்லை. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறாளாம். மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். பிரசவமான நாற்பது நாளும் நம் வீட்டில் இருக்கட்டும் என்று ஆசையாகக் கூட்டிவந்தேன், அந்த நாற்பது முடியவில்லை.

இனி அந்தக் கணப்பைப் பற்றி. நீ ஓவர்டைம் பார்த்துப் பணம் அனுப்பி, விங்கோ வந்து பொருத்தியபோது இந்த வீட்டில் எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷம். நிலக்கரி அள்ள வேண்டாம், கொடியில் காயும் துணி கறுக்காது, மூட்டையைப் பிரித்து அந்த மரத்தூள் குச்சிகளைக் கொட்டினால் தானாக எரியும். முதல் மாதம் கண்ணாடிக்குப் பின்னால் தீ வெளுப்பாக, படபடவென்று நின்று எரிந்தது. உனக்கு வீடியோகூட அனுப்பினோம். குழந்தை வந்த பிறகுதான் மாறியது. தீ சிவந்து, நீண்டு, சோம்பலாக ஆடத் தொடங்கியது. காலையில் துடைத்த கண்ணாடி மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். இரும்புக் கிண்ணத்தில் குச்சிகள் பாதி வெந்து குவியும். ஜன்னல் திரையைத் தொட்டால் விரலில் கரி. அப்பா அதனோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். கிண்ணத்தை எடுத்து ஆணியால் துளைகளைக் குத்தினார். ஈரக் காகிதத்தில் சாம்பலைத் தொட்டுக் கண்ணாடியைத் தேய்த்தார். குச்சிகளைச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கினார், பிறகு அந்த மூட்டையே மட்டம் என்று வேறு மூட்டை வாங்கினார். கதவைச் சுற்றியிருக்கும் அடைப்புக் கயிறு தளர்ந்துவிட்டதோ என்று அதையும் மாற்றினார். விங்கோவைக் கூப்பிடுங்களேன் என்றேன். "அவனைக் கூப்பிட்டா என்ன சொல்வான் தெரியுமா, ஆயுசு பூரா கரி வெட்டினவனுக்கு ஒரு அடுப்பு எரிக்கத் தெரியலையாம்பான்" என்றார். பிறகு ஒருநாள் அவரே ஃபோன் போட்டார். விங்கோ, "ரமீஸ், குழாய் அடைச்சிருக்கும், பாரு" என்றாராம். அப்பாவும் புகைக்குழாயைக் கழற்றி முற்றத்தில் தட்டினார், பனியில் அந்த இடம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. இரண்டு நாள் நன்றாக எரிந்தது போல இருந்தது, மறுபடி அதே கதை.

விங்கோ சொன்னது இன்னொரு குழாயையும் சேர்த்து என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கணப்பின் முதுகிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகிறதே, தீக்குக் காற்று இழுக்கும் குழாய், அது. அதன் வாய் கோழிக்கூண்டுப் பக்கம் இருக்கிறது. ஜெனிதாவின் மாமியார் ருக்கியா குழந்தையைப் பார்க்க வந்த முதல் நாளே சோபாவில் உட்காரவில்லை, மூக்கை நீட்டிக்கொண்டு அறையைச் சுற்றினார். "எங்கேயோ ஊதக்காத்து வருது சம்பந்தி. பச்சக் குழந்தைய வச்சிக்கிட்டு சுவத்துல ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு. உங்க குடும்பத்துலயே முதல்ல காலேஜ் போனவங்க நீங்க. படிச்சவங்களுக்குச் சளி பிடிக்காதோ என்னமோ." நான் சிரித்து வைத்தேன், காப்பி போடப் போய்விட்டேன். அப்பா சிரிக்கவில்லை. கதவிடுக்கில் துணி வைத்தார், ஜன்னல் சந்துகளில் டேப் ஒட்டினார். ஜெனிதாவுக்குத் தலை வலித்தது, ஊதக்காற்று பட்டிருக்கும் என்று இன்னொரு டேப். எனக்கு வாந்தி வருவது போல இருந்தது, அதற்கும் ஒரு டேப். ஏனோ எனக்கு நூலகத்துக்கு வேலைக்குப் போனால் மட்டும் சரியாகிவிடும். குழந்தை மட்டும் அழவே இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் எல்லாம், "இப்படி ஒரு சாதுவான பிள்ளையைப் பாத்ததில்ல, கண்ணு படப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது நடந்த அன்றைக்கு மத்தியானம் நம் தெருவில் கரண்ட் போனது. கணப்பில் புகையை வெளியே தள்ளும் விசிறி நின்றுவிட்டது, உள்ளே எரிந்துகொண்டிருந்ததெல்லாம் கரி அடைந்த குழாயில் போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பியிருக்கிறது. அப்பா ரொட்டி வாங்கப் போயிருந்தார். நூலகத்திலும் கரண்ட் இல்லை என்று நான் சீக்கிரம் வந்தேன். ஜெனிதா சோபாவில் சாய்ந்து, வாய் திறந்து கிடந்தாள். குழந்தை அவள் மடியிலிருந்து சரிந்து மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்தது. இருவர் முகத்திலும் வெளியே பனியில் விளையாடிவிட்டு வந்தவர்கள் போல ஒரு சிவப்பு. அது என்ன என்று எனக்குப் புரியவில்லை, மூச்சு முட்டியது மட்டும் புரிந்தது. டேப்பைக் கிழித்து இந்தப் பக்க ஜன்னலையும் அந்தப் பக்க ஜன்னலையும் திறந்தேன், வாசல் கதவையும் திறந்தேன். காற்று வீட்டைக் குறுக்கே அடித்துக்கொண்டு போனது. அப்போதுதான் அப்பா ரொட்டியோடு உள்ளே வந்தார். "ஹைரியா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, குழந்தை இருக்கு" என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். நான் திறந்தேன், அவர் சாத்தினார். மகனே, உன் அப்பாவை நான் என் வாழ்க்கையில் தள்ளியது அன்றைக்குத்தான். சுவரில் போய் மோதினார். பிறகுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

ஜெனிதாவும் குழந்தையும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது விங்கோ வந்தார். அப்பா, மாப்பிள்ளை சானின், நான், மூன்று பேரும் கோழிக்கூண்டுப் பக்கம் நின்றோம். குழாய் வாயில் விங்கோ போட்டிருந்த கம்பி வலை கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. விங்கோ குழாய்க்குள் கையை விட்டு இழுத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய கம்பளிக் காலுறைகள், ஒன்றுக்குள் ஒன்று திணித்தது. குதிகாலில் நான் பச்சை நூலால் தைத்த தையல். சானின் பின்னால் நின்றான், அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. "என்ன அது விங்கோ?" என்று கேட்டான். விங்கோ அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "குருவிக் கூடு. வலை நான் சரியா மாட்டல போல" என்றார். ஜனவரி மாதத்தில் எந்தக் குருவி கூடு கட்டும் என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நிதானம் இல்லை. அப்பா கீழே இருந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விங்கோவின் பின்னாலேயே வண்டிவரை போனேன். "தங்கச்சி, பேத்தி அங்க குழாய் மாட்டிக்கிட்டுக் கெடக்குது. இன்னிக்கு அந்த மனுஷன் தலையில இதையும் தூக்கி வைக்க என்னால முடியல. நாலு நாள் போகட்டும், அவரே சொல்வாரு" என்றார்.

நாலு நாளுக்கு மேலேயும் போனது. அப்பா சாப்பிட உட்காருவார், எழுந்துவிடுவார். அதற்குள் நீ ஊர்க்காரர்கள் எல்லாரும் படிக்கும் அந்த இணையப் பக்கத்தில் எழுதினாய். சானின் சொன்ன குருவிக் கூட்டைக் கேட்டுத்தான் எழுதினாய், உன்மேல் தப்பில்லை. ஒரு வலையைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத விங்கோ என் தங்கை குழந்தையைக் கொல்லப் பார்த்தான், அவனை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். கீழே எத்தனை பேர் சேர்ந்து திட்டியிருந்தார்கள் என்று நீயே பார்த்திருப்பாய். விங்கோவை வரச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றுவிட்டார்கள். போன வாரம் நம் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. "பொண்டாட்டி கடைக்குப் போனா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. என்னைக் கொலைகாரன்னு எழுதியிருக்கான் உன் பையன். நான் வாயைத் திறந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், திறக்கல. ஆனா நானும் மனுஷன்தான் தங்கச்சி." சத்தமாகத்தான் சொன்னார். அப்பா உள் அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது.

நேற்று காலையில் அப்பா முகம் மழித்து, மசூதிக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ருக்கியா வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். கோட்டைக் கழற்றாமல் நடுவில் நின்றுகொண்டு சொன்னார், "குருவிக் கூடு இல்ல. நான்தான் அடைச்சேன். வலையைக் கழட்டி என் காலுறையை வச்சு நான்தான் அடைச்சேன்." சானின் எழுந்து வெளியே போனான். அப்பா பேச்சை நிறுத்தவில்லை. "முப்பது வருஷம் பூமிக்கு அடியில காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துப் பாத்து வேலை செஞ்சவன் நான். கீழ காத்து நின்னா சாவுன்னு எனக்குத் தெரியும். மேல, வீட்டுக்குள்ள காத்து வந்தா பிள்ளைக்கு ஆகாதுன்னும் தெரியும். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கத் தோணல." ஜெனிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அம்மா, அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. குழந்தை தூங்கணும்" என்று மட்டும் சொன்னாள். அவர் கையை நீட்டினார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் ஓரடி பின்னால் போனாள். வழியில் பாலத்தருகே நின்று அப்பா என்னிடம் சொன்னார், "தூங்கட்டும். ஆனா நடுநடுவுல எழுப்பிப் பாக்கச் சொல்லு." அதைச் சொல்ல என்னை மறுபடியும் அந்த வீட்டுக்கு அனுப்பினார். நான் போய்ச் சொன்னேன். ஜெனிதா கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டாள், சரி என்றாள், மூடிவிட்டாள்.

மகனே, உன்னிடம் கேட்பது இதுதான். நீ எழுதியதை அழிக்க மட்டும் செய்தால் போதாது, படித்தவர்கள் படித்துவிட்டார்கள். விங்கோ வைத்த குழாய் சரியாகத்தான் இருந்தது, வலையும் சரியாகத்தான் மாட்டியிருந்தார், அதைக் கழற்றி அடைத்தது என் அப்பா ரமீஸ் என்று எழுது. பெயரைப் போட வேண்டாம், வீட்டில் ஒருவர் என்று போடலாமே என்று நேற்று ராத்திரி அவரிடம் கெஞ்சினேன். "விங்கோ பேரைப் போட்டுத்தானே எழுதினான். என் பேரையும் போடச் சொல்லு" என்றார். எழுதும்போது எனக்காக ஒன்று செய், அவருக்காக மன்னிப்புக் கேட்காதே, அவரைத் திட்டவும் திட்டாதே. நடந்ததை மட்டும் எழுது. விங்கோவுக்கு நீயே ஃபோன் செய்து பேசு, அதை எங்கள் மூலம் செய்யாதே. ஜெனிதாவிடம் அப்பாவுக்காகப் பரிந்து பேசாதே, அவள் சின்னப் பெண், அவளுக்கு இப்போது அதற்கு இடமில்லை. அவளுக்கு என்றைக்கு மனம் வருமோ, வராமலே போகுமோ, எனக்குத் தெரியவில்லை. குழந்தை எப்படி வளருகிறது என்பதில்தான் அதுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கணப்பை விங்கோ முழுக்கச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார், ஆனால் அப்பா பற்றவைக்க விடவில்லை. சமையலறையில் பழைய அடுப்போடு இருக்கிறோம், குளிர் தாங்குகிறது, கவலைப்படாதே. நீ குடியிருக்கும் இடத்தில் சூடாக்குவது என்ன, அதன் காற்று எந்த வழியாக வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேள். கூச்சப்படாமல் கேள். விஷவாயு வந்தால் கத்தும் கருவி விற்கிறதாமே, உனக்கு ஒன்று வாங்கிக்கொள். மாமியார் வீட்டில் ஜெனிதா அறையில் சானின் இரண்டு மாட்டியிருக்கிறான்.

அல்லாஹ் உன் உடம்புக்கும் கைக்கும் பலம் தரட்டும், உன்னை நல்லவர்கள் நடுவில் வைக்கட்டும். நாம் எல்லாரும் செய்யும் துஆக்களில் எது நஜ்லாவுக்குப் போய்ச் சேருமோ, அதில் உன்னுடையதும் இருக்கட்டும். இது கைக்குக் கிடைத்ததும் முதலில் விங்கோ விஷயத்தை எழுதிவிட்டு, பிறகு வீட்டுக்குக் கூப்பிடு. மணி அடித்தால் நான் சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன், அப்பாவே எடுக்கட்டும். அவர் பேசாமல் இருந்தாலும் நீ வைத்துவிடாதே.

உன் அம்மா,
ஹைரியா