கதிர் சாயும்வரை

இன்று காலை, மழையில் நனைந்த முற்றிய நெல்லின் வாசம் வந்ததும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நீ போய் இது இரண்டாவது குறுவை. எதிர் வயலில் இயந்திரம் அறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை.

நாம் இருவரும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். குடிசைகள் நின்ற இடம் மிராசுதாருடையது. வேலையும் அவர் வயலில்தான். ஆளுங்கட்சியில் சேர்ந்து ஒன்றியத்தில் பெரிய பதவிக்கும் வந்துவிட்டார். காவல் நிலையத்தில் அவர் சொல்தான் செல்லும். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்ததும், பட்டா வருவதற்குள் தெருவைக் காலி செய்யப் பார்த்தார். கூலியாட்கள் சங்கத்தில் முன்னால் நின்றவள் நீ. அதனால் உன் குடிசையைத்தான் முதலில் பிரித்துப் போட்டார்கள்.

அவர் காரை மறிக்க நான் அரிவாளோடு கிளம்பினேன். சரிந்து கிடந்த கீற்றுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இப்ப கை ஓங்குனா கேசு போட்டு நம்ம ஆம்பளைங்கள உள்ள தள்ளிட்டு, வெளியூரு ஆள வச்சு நட்டுக்குவாரு. எல்லா ஊருலயும் ஒண்ணா அறுப்பு வரும்ல, அப்ப ஆளுக்கு எங்க போவாரு?"

பிள்ளைகளோடு என் குடிசைக்கு வந்தாய். அவர் வயலிலேயே நட்டோம், களை பறித்தோம். வரப்பில் நின்று அவர் குத்தலாகச் சிரித்தபோதும் நீ தலை நிமிரவில்லை. விலைபோய்விட்டாய் என்று சங்கத்திலேயே பேசினார்கள். நீயோ சந்தைக்குப் போகும் சாக்கில், நம் ஊருக்கு அறுக்க வர வேண்டாமென்று பக்கத்து ஊர்ப் பெண்களிடம் சொல்லிவைத்தாய்.

கதிர் முற்றிச் சாய்ந்தது. கிழக்கே மேகம் திரண்டது. நாம் வயலில் இறங்கவில்லை. அவருடைய காரியக்காரர் ஊர் ஊராக ஆள் தேடி வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் மிராசுதாரே நம் தெருவுக்கு நடந்து வந்து, மழை இறங்கினால் நெல் வயலிலேயே முளைத்துவிடும், என்ன வேண்டும் என்று கேட்டார்.

"தாசில்தாரக் கூட்டியாங்க. மனைய அளந்து, எங்க பேருல பட்டா குடுக்க சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அறுக்குறோம்," என்றாய்.

மறுநாள் தாசில்தார் ஜீப் வந்தது. அளந்து முடித்து, அவர் கையெழுத்துப் போட்டதும் வயலில் இறங்கினோம். கடைசிக் கட்டு களம் சேரும்போது தூறல் விழுந்தது.

தெருவே சிரித்துக் கிடக்க, உன்னைக் காணவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய்.

"பொறுமசாலின்னு சொல்லாதடி. மழ முந்திக்கிட்டா என்ன ஆவும்னு தெனம் செத்தேன்."

இப்போது நான் வார்டு உறுப்பினர். நம் குளத்தை வளைத்துப் போட்டிருக்கும் கட்சிக்காரரோடு மல்லுக்கட்டுகிறேன். இவருக்கு நம் கை வேண்டாம், ஓட்டு வேண்டும். தேர்தல் நெருங்கட்டும் என்று தெருக்காரர்களைத் தடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் குளத்தைத் தூர்த்துவிடுவாரோ என்று நானும் தினம் சாகிறேன். முன்பென்றால் இந்தப் பயம் தாங்காமல் அரிவாளோடு எழுந்து ஓடியிருப்பேன். உனக்கும் இப்படித்தான் இருந்தது என்பது தெரிந்திருப்பதால், உட்கார்ந்திருக்கிறேன்.