லாத்தாவின் கூரையும் இன்சூரன்ஸ் கம்பனியும்

1957 ஜூலை 16, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். நாலாம் வகுப்புக் கணக்குக் கொப்பிகள் திருத்தாமல் கிடக்கின்றன. பின் காம்பராவில் வாளி, அண்டா, சோற்றுச் சட்டி, எல்லாம் ஒழுக்குக்குக் கீழே. சமைப்பதற்குத்தான் பாத்திரம் இல்லை.

இன்சூரன்ஸ் கம்பனியின் பதில் வந்தது. தர மாட்டார்களாம். ஆங்கிலக் கடிதம், நான்தான் நானாவுக்கு வாசித்துச் சொன்னேன். லாத்தாவுக்குத் தம்பி, எனக்கு அண்ணன்; ஆங்கிலம் மட்டும் வராது. பின் அறையைப் பார்க்க வீட்டார் விடவில்லை. கூரை முன்பே உக்கியிருந்ததாகச் சந்தேகம். ஆகவே காற்றில் பலாக்கிளை விழுந்துதான் உடைந்தது என்று ஏற்க முடியாது.

பார்க்க விடவில்லையா? யார் விடவில்லை? விசாரித்தேன். இன்ஸ்பெக்டர் (இனி இன்ஸ்., இந்த மனிதருக்கு முழுச் சொல் செலவழிக்க மனமில்லை) வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில். நானா வாசலில் நின்றுகொண்டு "அந்தக் காம்பராவுக்குள்ள போக ஏலாது" என்றாராம். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. கணவனை இழந்த லாத்தா இத்தாவில் இருக்கிறார், மச்சான் மவுத்தாகி இரண்டு மாதம்தான் ஆகிறது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நானாவின் நியாயம்: "இத்தா இரிக்கிற ஊடுன்னு ஊருக்கே தெரியும். நான் வேற செல்லணுமா?"

இன்ஸ். கொழும்பு ஆள். அவருக்கு எந்த ஊர் தெரியும்?

லாத்தா கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

ஜூலை 17, புதன்

வெயில். படுக்கை, தலையணை எல்லாம் வெளியே காயப் போட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வயிற்று வலி, அவருடைய வகுப்பும் என் தலையில்.

நானா மாலையில் வந்து அவர் தீர்மானத்தைச் சொன்னார். கம்பனி தராவிட்டால் பின் பாதிக்கு ஓடு போட வழியில்லை. இத்தா முடிந்ததும் லாத்தாவும் நானும் அவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முன் பாதியை வாடகைக்குக் கொடுக்கலாம், யாரோ ஏலக்காய் வியாபாரி கேட்டிருக்கிறாராம். எங்களுக்கு அங்கே அவர் மனைவி மைனியின் தையல் மெஷின் இருக்கும் அறை.

நானா நல்லவர். உண்மையாகவே நல்ல மனதுடன்தான் சொன்னார். அதுதான் கஷ்டம், சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

ஆனால் இது லாத்தாவின் வீடு. வாப்பா கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. மச்சான் ஒவ்வொரு வருடமும் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டினார். "இதப் பாவிக்கிற நாள் வராம இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டேதான் கட்டுவார். இந்த வீட்டில்தான் லாத்தா மகாராணி. மைனி வீட்டில் எவ்வளவு நல்லபடி வைத்திருந்தாலும் விருந்தாளிதான். இதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. லாத்தாவுக்கு வரவில்லை. அவருக்குக் கோபம்தான் வருகிறது, நல்லது.

நானா போன பிறகு லாத்தா கேட்டார், "கம்பனிக்காரனுக்கு மறுபடி வரச் செல்லி எழுத ஏலுமா?"

ஏலும் என்றேன். நீங்கள் அந்த அறையில்தானே இருக்கிறீர்கள் என்றும் கேட்டேன்.

"எனக்குக் கால் இல்லையா? நான் குசினிக்குள்ள, அடுப்படியில போய் இருந்தா முடிஞ்சுது."

என்ன சொல்ல? முழுக் குடும்பத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தா என்றால் அந்த அறையில் ஆணி அடித்து வைத்த மாதிரி என்று நினைத்துவிட்டோம். நானும்தான். படித்தவளாம்.

ஜூலை 19, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு நானா பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்தார். குசினியும் வீடுதானே என்று லெப்பை சிரித்தாராம். அவசியமான பேச்சு என்றால் திரைக்குப் பின்னால் இருந்து பேசலாம், தடையில்லை. நானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்டி ஆபீசுக்குப் போய்க் கம்பனி மேசையில் அடித்துப் பேசும் ஆசை அவருக்கு இன்னும் போகவில்லை.

கடிதம் எழுதினோம். லாத்தா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில். நானா "வெட்கமில்லாதவர்களுக்கு" என்று தொடங்கச் சொன்னார். தொடங்கவில்லை. இத்தாவை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விதவை நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பது என்று எழுதினேன். அப்படியென்றால் நோயா என்று கேட்பார்களோ என்று அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

முடிவில் லாத்தா ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வீட்டுக்குச் சொந்தக்காரி நான், கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கலாம். நானா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபாலில் சேர்த்தாயிற்று. வரும் வழியில் நனைந்தேன். குடையின் கம்பி ஒன்று கழன்றுவிட்டது, தைக்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

பதில். சனிக்கிழமை இன்ஸ். வருகிறார். அதே ஆள். யா அல்லாஹ்.

ஞாபகத்துக்கு: குசினி வாசலுக்குக் கெட்டித் திரை (என் பச்சைப் போர்வை). நல்ல கோப்பைகள். நானாவை அதிகம் பேச விடாமல் பார்த்துக்கொள்வது.

ஜூலை 27, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

இன்ஸ். பத்து மணி பஸ்ஸில் வந்தார். மெலிந்த மனிதர், சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. போன தடவை ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன், யாரும் விஷயத்தைச் சொல்லவில்லையே என்றார். நானா திடீரென்று வாசலில் நின்ற காகத்தைத் துரத்தப் போனார்.

இன்ஸ். பின் காம்பராவை நன்றாகப் பார்த்தார். ஏணி வைத்து ஏறி முறிந்த கைமரங்களைத் தட்டினார், விரலால் சுரண்டினார். இறங்கி, விழுந்த கிளை எங்கே என்றார்.

கிளை! விழுந்த அன்றே நானா வெட்டி விறகாக்கிவிட்டார். பாதி எரிந்தும் போயிற்று. நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம். அப்போது திரைக்குக் கீழே இருந்து ஒரு கட்டை உருண்டு வந்தது. லாத்தாதான் அடுப்படியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார். கட்டையில் ஓட்டுத் துண்டு ஒன்று இன்னும் ஆழமாகக் குத்தியபடி நின்றது. இன்ஸ். குனிந்து அதைப் பிடுங்கப் பார்த்தார், வரவில்லை. லேசாகச் சிரித்தார்.

பிறகு திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். மரியாதை தெரிந்தவர்.

"அம்மா, காத்து அடிக்கிறதுக்கு முந்தி இந்தக் கூரை ஒழுகினதா?"

நானா இருமினார். சாதாரண இருமல் இல்லை. இல்லையென்று சொல் என்ற இருமல். எனக்கும் அதே ஆசைதான், ஏன் பொய் எழுத வேண்டும். ஒரு வார்த்தை "இல்லை" என்றால் வீடு நம்முடையது.

உள்ளே பலகையை இழுத்துத் திரைக்கு அருகே போடும் சத்தம் கேட்டது.

"ஒழுகினது," என்றார் லாத்தா. "ஜன்னலுக்கு மேல, மூலையில. ரெண்டு வருசமா ஒழுகுது. அவர் இந்த வருசம் பார்க்கலாம்னு இருந்தார், அதுக்குள்ள மவுத்தாயிட்டார். அது கிளையால வந்ததில்ல. மத்ததெல்லாம் கிளையால வந்தது."

நானா இன்னொரு தடவை இருமினார்.

"தம்பி, தொண்ட சரியில்லன்னா சுடுதண்ணி குடி. நான் இத்தா இரிக்கிறேன், பொய் செல்ல ஏலாது. இத்தா இல்லாட்டியும் ஏலாது."

போச்சு, மைனியின் தையல் மெஷின் அறைதான் என்று நினைத்தேன். இன்ஸ். மறுபடி ஏணியில் ஏறினார். ஜன்னல் மூலையைப் பார்த்தார், முறிந்த இடத்தைப் பார்த்தார், நிறைய நேரம் எழுதினார். இறங்கி வந்து தேநீர் குடித்தார். வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டார். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது மட்டும் என்னிடம், எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்விதான் அது, ஒழுகினது என்று சொன்ன வீடு இது ஒன்றுதான் என்றார்.

அது நல்லதா கெட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நானா கோபத்தில் சாப்பிடாமல் போனார். பிறகு ஆள் அனுப்பி வட்டிலப்பம் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தருகிறார்கள்! முறிந்த கைமரம், ரீப்பை, ஓடு, கூலி எல்லாம். ஜன்னல் மூலை மட்டும் தவிர, அது பழைய பழுது. சரிதானே.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து வாசித்துக் காட்டினேன். லாத்தா மச்சானின் பேரைச் சொல்லி துஆ செய்தார். பிறகு அழுதார், மூன்று மாதத்தில் முதல் தடவையாக நன்றாக, சத்தமாக. நானும் சேர்ந்து அழுதேன். அழுது முடித்து இருவரும் பருப்பு கரிந்துவிட்டதைக் கண்டுபிடித்தோம்.

ஏலக்காய் வியாபாரிக்கு வேறு வீடு பார்க்கச் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 14, புதன்

திங்களன்று தச்சுப் பாஸ்மார் கூரை வேலை தொடங்கினார்கள். புதுச் சிக்கல்: கூரையைத் திறந்தால் மேலே இருக்கும் ஆண்களுக்கு வீடு முழுக்கத் தெரியும். இத்தா என்னாவது? நானா தன் கடையிலிருந்து மிளகு காயப்போடும் பெரிய படங்குத் துணியைக் கொண்டுவந்து குசினிக்கு மேலே குறுக்காகக் கட்டினார். இரண்டு நாளாக லாத்தாவுக்கு மிளகு மணம், ஓயாத தும்மல். மேலே இருந்து பாஸ் ஒவ்வொரு தும்மலுக்கும் ஆயுசு என்கிறார், சிங்களத்தில்.

ஜன்னல் மூலைக்கும் ஓடு வந்து இறங்கியிருக்கிறது. யார் சொன்னது என்று பாஸிடம் கேட்டேன். முதலாளி என்றார். நானாவிடம் கேட்டால், ஓடு கூடுதலாக வந்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மத்தியானம் நல்ல மழை. வாளியும் அண்டாவும் குசினியில், அவற்றுக்குரிய வேலையில். லாத்தா பின் காம்பராவில் பாயை எங்கே விரிப்பது என்று தேர்வு செய்ய முடியாமல் மூன்று இடம் மாற்றினார். எங்கும் நனையவில்லை.

மழை விட்டதும் நானா இரண்டு கூட்டாளிகளுடன் கூரை பார்க்க வந்தார். முன் அறையில் தேநீர். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன், கதை முழுக்கக் காதில் விழுந்தது. கம்பனியை எப்படி மடக்கினார், கடிதத்தை எப்படி எழுதுவித்தார், எல்லாம்.

"நான் லாத்தாக்கு ஒண்ணே ஒண்ணுதான் சென்னேன். வாரவன் என்ன கேட்டாலும் உள்ளத உள்ளபடி செல்லுங்கன்னு."

திரைக்குப் பின்னால் லாத்தா இருமினார்.